அக்கா எழுதிய பதினோரு வரி

என் மேசை டிராயரில் நாலாக மடித்த ஒரு தாள் கிடக்கிறது. அக்கா எழுதிய புரோகிராமின் பதினோரு வரி அதில் அச்சாகியிருக்கும். கண்ணில் படும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திருக்கோகர்ணத்தில் ஒரு மாடியில், ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு சாஃப்ட்வேர் எழுதினோம். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, ஆபீசில் எனக்கு சீனியர். எங்கள் புரோகிராம் கம்ப்யூட்டர் மெமரியில் ஓர் இடத்தை வேண்டுமென்றே பூட்டி வைக்கும். ஓடும்போது அது அந்த இடத்தைத் தொட்டால் சிஸ்டம் ஒரு சிக்னல் அனுப்பும். அதைப் பிடித்துச் சரிசெய்வோம். லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு பெயரில் வருகிற சிக்னல், மேக் கம்ப்யூட்டரில் வேறு பெயரில் வந்து தொலைத்தது. பிடிக்க ஆளில்லாமல் புரோகிராம் செத்து விழுந்தது. மூன்று வாரம் மண்டையை உடைத்து அக்கா பதினோரு வரியில் வழி கண்டார். இரண்டு பெயரையும் பிடிப்பது, தப்பு நடந்தது நாம் பூட்டிய இடத்தில்தானா என்று சோதிப்பது, இல்லையென்றால் புரோகிராமைச் சாகவிடுவது.

"நம்ம பூட்டுன எடம்னா நாம பாத்துக்கலாம். வேற எங்கிட்டாச்சும் அடிபட்டா சாகட்டும். மூடி மறைச்சா தப்பான ரிப்போர்ட்டுல்ல வெளிய போகும்?" என்பார்.

மேனேஜருக்கோ, புரோகிராம் நின்றுபோனால் கஸ்டமர் முன்னால் மானம் போகிறதாம். மகளுக்குக் காது குத்த அக்கா நார்த்தாமலை போயிருந்த அன்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அந்தச் சோதனைய எடுத்துருங்க. எது வந்தாலும் புடிச்சிட்டு அடுத்த வேலைக்குத் தாவட்டும்." தப்பென்று தெரிந்தேதான் எடுத்தேன்.

பத்தே நாளில், புரோகிராம் அப்படித் தாவியதில், ஒரு கர்ப்பிணியின் ரிப்போர்ட்டில் அவருக்கு முன்னால் வந்தவரின் ரத்த வகை அச்சானது. நர்ஸ் கவனித்ததால் விபரீதம் நடக்கவில்லை. எங்கள் ஆபீசில் ஃபைலை முதலில் எழுதியவர் பெயர்தான் அதன் தலையில் நிற்கும். பிறகு கை வைத்தவர்களைக் குறிக்கும் வழக்கமே கிடையாது. மேனேஜர் கூசாமல் அங்கிருந்த அக்காவின் பெயரைக் காட்டினார்.

"நான் போட்ட சோதனைய யாரு எடுத்தது?" என்று அக்கா எல்லோர் முன்னாலும் கேட்டார். மேனேஜர் மறுபடி அதே பெயரைக் காட்டினார். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றே அக்காவை வேலையைவிட்டு அனுப்பினார்கள். போகும்போது இந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த மேனேஜரை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. என்னை நினைத்தால் அதைவிட. இப்போது அவர் நாற்காலியில் நான். போன வாரம் ஒரு கஸ்டமர், "எப்புடியாச்சும் நிக்காம ஓட வைங்க" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டு, தாளைப் பிரித்துப் பதினோரு வரியையும் புரோகிராமில் திரும்ப டைப் அடித்தேன். ஃபைலின் தலையில் அக்காவின் பெயருக்குக் கீழே, சோதனையை எடுத்தது நான் என்று என் பெயரோடு எழுதி, படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. "அன்னைக்கே தெரியும். நீயா சொல்லுவன்னுதான் தாளை வச்சிட்டு வந்தேன். ஆறு வருசம் ஆயிருச்சு."