ஆறாம் நம்பர் ரவை

தோளில் கத்தி வைத்த டாக்டர், தோளை உதைக்கும் பன்னிரண்டு ‘போர்’ பெருங்குழல் துப்பாக்கியை இனி தொடாதே என்றபோது ஓரினுக்கு ஐம்பத்தெட்டு வயது. தெற்கு டகோட்டாவில் ஒரு தானியக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் உழைத்துத் தோளைத் தேய்த்தவன். அவன் கேட்ட ஒரே சுகம், அக்டோபரில் பத்துப் பேரோடு வரிசை கட்டிச் சோளக்காட்டுக்குள் நடந்து ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழிச் சேவல்களைக் கிளப்பிச் சுடுவது. அந்த வரிசையில் இடம் கொடுப்பவன் அவன் மனைவியின் அண்ணன் கேலன். நிலம் அவனுடையது. லாயக்கில்லை என்று பட்டவர்களைக் காட்டின் கோடியில், லாரி பக்கத்தில் நிறுத்திவிடுவான். அங்கே நின்றவர் எவரும் மறுபடி வரிசைக்குத் திரும்பியதில்லை.

ஓரின் உதைக்காத சிறுகுழல் துப்பாக்கி, இருபத்தெட்டு போர் ஒன்று வாங்கினான். காபிக் கடையில் கேலன் அதைப் பார்த்துவிட்டான்.

"என்ன மச்சான், பேரனுக்கா?"

"எனக்குத்தான்."

"அப்ப நாலாம் நம்பர் ரவையாவது போடு. சேவலுக்குக் கிச்சுகிச்சு மூட்டவா போறோம்?"

பக்கத்து நிலத்து டெல்மர் விடவில்லை. "ஒன்பது போடுப்பா. சல்லடையாக்கிடும்."

எண் ஏற ஏறத் தோட்டாவுக்குள் இருக்கும் ஈய ரவை சிறுக்கும் என்பது வரை இந்த மேதைகளுக்குத் தெரியும். அதற்கு மேல் படிப்பெல்லாம் தோட்டாப் பெட்டியின் மேல் அச்சடித்த படத்தில் படித்ததுதான். ஆயுளில் ஒரு நாள் ஒரு காகிதத்தைச் சுட்டுப் பார்த்தவன் அந்தக் கடையில் கிடையாது.

ஓரின் சுட்டுப் பார்த்தான். கிடங்குக்குப் பின்னால், முப்பது தப்படியில் காகிதம் கட்டினான். அதன் பின்னால் பழைய டெலிபோன் புத்தகம். சின்னத் தோட்டாவில் நாலாம் நம்பர் கொஞ்சம்தான் கொள்ளும். காகிதத்தில் விழுந்த இடைவெளியில் ஒரு சேவல் குடும்பத்தோடு போய்வரலாம். ஒன்பதாம் நம்பர் காகிதத்தைக் கந்தலாக்கியது, புத்தகத்தில் நாலு பக்கம் தாண்டவில்லை. ஆறு நெருக்கமாகவும் விழுந்தது, ஆழமாகவும் இறங்கியது. நாற்பது தப்படியில் அதுவும் சிதறிப்போனது. சரி, ஆறு, முப்பதுக்கு மேல் சுடுவதில்லை. முடிந்தது கதை.

வேட்டை தொடங்கிய அன்று கேலன் அவனை வரிசையின் ஓரத்தில் நிறுத்தினான்.

"வழக்கம்தான். அடிச்ச பறவையத் தொலைச்சவன் நேரா லாரிக்குப் போயிடணும். இந்த வருஷம் யாருன்னு எனக்கு இப்பவே தெரியும்."

முதல் சேவல் இருபத்தைந்து தப்படியில் எழுந்தது. ஓரின் சுட்டான். மூட்டை மாதிரி விழுந்தது. அடுத்தது ஐம்பதில் எழுந்தது. துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டான்.

"சுடுய்யா! கையில என்ன, விளக்குமாறா?" என்று கத்திக்கொண்டே கேலன் தன் பன்னிரண்டு போரால் சுட்டான். சேவல் ஒரு காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கோரைக்குள் சறுக்கி மறைந்தது.

"பட்டுடுச்சு! பாத்தீங்கல்ல!"

பட்டதுதான். ஓரின் கூட்டி வந்திருந்த நாய் அரை மணி நேரம் கோரையைக் கலக்கியும் பறவை கிடைக்கவில்லை. மற்றவர்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காபிக் கடையில் அத்தனை வாய் பேசிய டெல்மர் மூக்கைச் சிந்தினான்.

"லாரி அந்தப் பக்கம் இருக்கு மச்சான்," என்றான் ஓரின்.

"என் நிலம்யா இது."

"சட்டமும் உன்னுதுதானே?"

கேலன் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. லாரிக்குப் போகவில்லை; அவன் எங்கே போவான்? அடுத்த காட்டின் வாசலில் ஓரினின் முகத்தைப் பார்க்காமலே, "நீ நடுவுல நட," என்றான். "வருஷா வருஷம் அங்கேயே நட. ஊர்ல போய் இதெல்லாம் பேசாத."

ஓரின் துப்பாக்கியில் இரண்டு தோட்டாவைப் போட்டு மூடிக்கொண்டு நடுவில் போய் நின்றான்.