பிஸ்கட் டின்னில் பிடித்த மேகம்

மலாயாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் போய் மங்களம் வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. "எந்த மங்களம்?" என்று தலையைச் சொறிவார்கள். மேகக்காரி என்று கேளுங்கள், சின்னப்பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிடும். சாகிற வரைக்கும் அவளுக்கு அதுதான் பெயர். வைத்தவர்கள் என்னவோ கேலிக்குத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பட்டம் வாங்கிய மாதிரி தலையை நிமிர்த்தி வாங்கிக்கொண்டாள். வந்த கதை அப்படி.

நாமக்கல் பக்கத்திலிருந்து அண்ணன் ஐயாவுவோடு கப்பலேறி வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வளர்ந்ததும் தோட்டத்துப் புகைக்கூடத்தில் போட்டார்கள். ரப்பர்ப் பாலை உறையவைத்து, அழுத்தித் தகடாக்கி, துணி காயப்போடுகிற மாதிரி கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி நாள்கணக்கில் புகை காட்டுவார்கள். நெருப்பு அணையவும் கூடாது, எரியவும் கூடாது. புகைந்துகொண்டே இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் மங்களத்தின் வேலை. கதவிடுக்கில் வெள்ளைப்புகை கசிந்து வந்தால் உள்ளே தகடு பற்றிக்கொண்டது என்று அர்த்தம். அப்போது யோசித்துக்கொண்டு நின்றால் கூடமே போய்விடும். வாளியைத் தூக்கு, தண்ணீரை அடி, பிறகு கத்து. இரண்டு முறை அப்படிக் கூடத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அதற்குக் கூலி, எப்போதும் சிவந்தே கிடக்கிற இரண்டு கண்கள். "என்னடி அழுதியா?" என்று கேட்காத ஆள் கிடையாது. "ஆமா, உன்ன நெனச்சு அழுதேன்" என்பாள்.

பதினெட்டாவது வயதில் அவளைச் சீனிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ரப்பர்மரம் கீறிப் பால் எடுத்துக்கொண்டிருந்தவன், கல்யாணமான மறுவருஷமே வேறு வேலைக்குப் போய்விட்டான். ஈப்போவில் ஈயச்சுரங்கம் வைத்திருந்த சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்பார்கள், கிழக்கே மலைமேல் பலகையால் ஒரு சின்ன வீடு கட்டிப்போட்டிருந்தார். காய்ச்சலில் விழுந்து எழுந்த துரைமார்கள் குளிர்ந்த காற்று வேண்டி அதை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம், பத்து நாள் தங்குவார்கள். அந்த வீட்டுக்குச் சீனி காவல்காரன். திங்கட்கிழமை ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவான்.

இறங்கி வந்தவன் சும்மா இருக்க வேண்டாமா? தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வாசலில் உட்கார்ந்து அளப்பான். "வாயத் தொறந்தா பீடி இல்லாமலே புகை வருது அண்ணே." சிரிப்பார்கள். "தொரை வீட்டு நடுக்கூடத்துல அடுப்ப மூட்டிட்டு, சோறும் ஆக்காம கொழம்பும் வெக்காம, சும்மா அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாரு." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "காலையில மேகம் சன்னல் வழியா உள்ள வந்து, அறையச் சுத்திப் பார்த்துட்டு, கதவு வழியா வெளிய போவும்" என்று அவன் சொன்ன அன்றோடு முடிந்தது. புளுகன் சீனி ஆகிவிட்டான். கடையில் சாமான் வாங்கப் போனால்கூட, "என்ன மங்களம், இன்னிக்கு மேகத்துக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டார்கள். பத்து வருஷம் கேட்டார்கள். கேட்டவர்களோடு அவள் சண்டை போட்டாள், வீட்டுக்கு வந்து அவனோடும் சண்டை போட்டாள். அவன் பொய் சொல்கிறானா இல்லையா என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளை அரித்தது.

மலாயாவையே முக்கிய பெரிய வெள்ளம் வந்ததற்கு முந்திய வருஷம், பாரிட் புந்தாரில் வாய்க்கால் வேலைக்குப் போயிருந்த அண்ணன் ஐயாவு தங்கையைப் பார்க்க வந்தான். இரண்டு நாள் லயத்துக் கேலியைக் காதில் வாங்கினான். மூன்றாம் நாள் சனிக்கிழமை, சீனி இன்னும் இறங்கவில்லை. ஐயாவு தங்கையை உட்காரவைத்துப் பேசினான்.

"ஒருத்தன் வாரத்துல ஆறு நாளு வீட்டுல இல்ல. கேட்டா மலைங்கிறான், மேகம் வீட்டுக்குள்ள வருதுங்கிறான். இத நம்புறதுக்கு நீ என்ன பச்சப்புள்ளையா? தைப்பிங்குல வேற குடும்பம் வச்சிருக்கான், அதான் விஷயம்." கூரைச் சட்டத்தின் மேல் துணி சுற்றிக் கட்டியிருந்த ஒரு பிஸ்கட் டின்னைக் காட்டினான். "அந்த டின்ன யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கானாமே. அதுல என்ன இருக்குன்னு என்னிக்காவது தொறந்து பார்த்தியா? அவளுக்குப் பண்ணி வச்ச நகையா இருக்கும்."

மங்களம் பார்த்ததில்லை. கல்யாணமான மறுவருஷம் சீனி அதை அங்கே வைத்தான். தொடாதே என்று ஒரே ஒருதரம் சொன்னான். அவளுக்குத் தொடப் பயம். உள்ளே ஏதாவது இருந்துவிட்டால்?

திரும்பிப் பார்த்தால், மலையிலிருந்து இறங்கி வந்த சீனி வாசலில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு கேட்டானோ தெரியாது, முகம் கறுத்துப் போயிருந்தது.

"மச்சான், அந்த டின்ன இப்ப தொறக்க மாட்டேன்" என்றான். "மங்களம் மலைக்கு வரட்டும். தன் கண்ணால பார்க்கட்டும். இறங்கி வந்து அதையும் தொறந்து காட்டுறேன்."

மங்களம் எழுந்தாள். "அண்ணே, மேகம் வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் இவரோடயே இருக்கேன். வரலேன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு உங்களோட வாரேன். நீங்களும் அதுவரைக்கும் இங்கயே இருங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஈப்போவுக்கு ரயிலேறினார்கள். தவுக்கே கடையில் மலைவீட்டுக் கணக்கைப் பார்த்தவர் யேசுதாசன் என்ற கிராணி. மாதாகோயிலிலிருந்து நேராக வந்த வெள்ளைக்கோட்டு இன்னும் உடம்பில் இருந்தது. சீனி ஒரு ராத்திரிக்கு வீட்டை வாடகைக்குக் கேட்டதும் மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உனக்கென்ன பைத்தியமா? சாவி உன் இடுப்புலதானே தொங்குது. ஆள் இல்லாத நாளாப் பார்த்துப் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போயிரு லா. யாரு கேக்கப் போறா?"

"இல்லைங்க கிராணியாரே. திருட்டுத்தனமா கூட்டிட்டுப் போனா அதுவும் ஒரு பொய்யாப் போயிரும். இருக்கிற பேரே எனக்குப் போதும்."

அந்த ஒரு ராத்திரி வாடகை கிட்டத்தட்ட அவனுடைய ஒரு மாதச் சம்பளம். யேசுதாசன் பெருமூச்சு விட்டுக்கொண்டு வாடகைப் புத்தகத்தை இழுத்தார். "யாரு பேருல எழுத?"

"மங்களம்னு எழுதுங்க."

துரைமார் பெயர்களாக நிறைந்திருந்த பக்கத்தில், கடைசி வரியில் தன் பெயர் ஏறுவதை வாசலில் நின்ற மங்களம் எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. ஆனாலும் மை காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்கிறவன் இப்படியா காசைக் கொட்டுவான் என்று ஒரு பக்கம் தோன்றியது. மாட்டிக்கொண்டவன் வேறு என்ன செய்வான் என்று இன்னொரு பக்கம் தோன்றியது.

அந்த வாரம் சீனி வெள்ளிக்கிழமையே இறங்கி வந்தான், மங்களமும் லீவு கேட்டுக்கொள்ள, சனிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டார்கள். முதல் ஒரு மணி நேரம் ரப்பர்மரம், அவளுக்குத் தெரிந்த உலகம். பிறகு காடு. அட்டை காலில் ஏறியது. ஓடைகளைத் தாண்டினார்கள். எங்கோ தலைக்கு மேலே ஒரு பறவை இறக்கையடிக்கிற சத்தம், ரயில் மூச்சுவிடுகிற மாதிரி, புஸ் புஸ் என்று கேட்டது. மங்களம் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். "பெரிய மூக்குக் குருவி, ஒண்ணும் பண்ணாது" என்று சீனி சிரித்தான். அவன் இங்கே வேறு ஆளாக இருந்தான். எந்த வேரைப் பிடித்து ஏறலாம், எந்தக் கல் வழுக்கும் என்று அவன் கால்களுக்கே தெரிந்திருந்தது.

மத்தியானம் வீடு வந்தது. கம்பங்களின் மேல் நின்ற பலகைவீடு, தகரக்கூரை, இரண்டு அறை. நடுக்கூடத்துச் சுவரில் நிஜமாகவே ஓர் அடுப்பு! சோறாக்க முடியாத அடுப்பு! மங்களம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சரி, இது ஒன்று பொய்யில்லை. பின்னால் சீனி தங்குகிற குடிசைக்குப் போனாள். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு குவளை, கொடியில் ஒரே ஒரு வேட்டி. அந்த ஒற்றைத் தட்டை அவள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். மனசில் இருந்த பாரத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

மீதிப் பாதி மேகம். வானத்தைப் பார்த்தால் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று, ஒரு பஞ்சுத்துணுக்குகூட இல்லை. சீனி வாசலுக்கும் முற்றத்துக்கும் நடந்தான்.

"தெனமும் வரும் புள்ள. சத்தியமா தெனமும் வரும்."

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றாள் மங்களம். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

கீழே, எவ்வளவோ கீழே, பச்சையாக ஒரு விரிப்பு கிடந்தது. அதிலிருந்து நூல்மாதிரி ஒரு புகை நின்றுகொண்டிருந்தது. "அதான் உன் புகைக்கூடம்" என்றான் சீனி. அவள் நம்பவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாகத் தன் மூச்சை அடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெரிய இருட்டுக்கூடமா இது? நகக்கண் அளவுகூட இல்லையே! அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. தோட்டம், லயம், கங்காணி, கேலி பேசுகிற வாய்கள் எல்லாம் அந்தப் பச்சைக்குள் எங்கோ இருந்தன. இத்தனை பெரிய உலகத்தின் நடுவிலா நாம் இருக்கிறோம் என்று மலைத்துப் போனாள்.

பொழுது சாய்ந்ததும் குளிர் வந்தது. அப்படி ஒரு குளிரை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. துரைமார் படுக்கிற கட்டிலில் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். வரவில்லையே, மேகம் வரவில்லையே என்று நினைத்தபடியே தூங்கிப்போனாள்.

விழித்தபோது லேசாக வெளுத்திருந்தது. பக்கத்தில் சீனி இல்லை. கதவிடுக்கில் வெள்ளையாக ஏதோ கசிந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. தரையோடு தரையாக, அவசரமே இல்லாமல், கட்டிலை நோக்கி வந்தது.

மங்களம் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்றுதானே அவளுக்குப் பழக்கம்! ஒரே பாய்ச்சலில் எழுந்து, மூலையில் இருந்த தண்ணீர் வாளியைத் தூக்கி, கதவை உதைத்துத் திறந்து, முழு வாளியையும் வீசி அடித்தாள். "தீ! தீ! கூடம் பத்திக்கிச்சு!"

தண்ணீர் சீனியின் தலையில் விழுந்தது. பாவி மனிதன், எல்லாச் சன்னலையும் திறந்து வைத்துவிட்டு, அவளை எழுப்பலாமா வேண்டாமா என்று வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். அந்தக் குளிரில் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள, சிரிக்கவும் முடியாமல் பேசவும் முடியாமல் கையை மட்டும் நீட்டிக் காட்டினான்.

மங்களம் மூச்சை இழுத்தாள். புகை என்றால் நாறும். இது நாறவில்லை. புகை என்றால் கண் எரியும். இது எரியவில்லை. ஈரமாக, ஜில்லென்று, அவள் முகத்தைத் தடவிக்கொண்டு உள்ளே போயிற்று. சன்னல் வழியாக இன்னொன்று வந்தது. மேசை மறைந்தது, கட்டில் மறைந்தது, அவள் கையை நீட்டினாள், அவள் கையே மறைந்தது. பன்னிரண்டு வருஷமாக எரிந்த கண்ணுக்குள் யாரோ இளநீரை விட்ட மாதிரி இருந்தது. அம்மாடி, அம்மாடி என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றாள். வாயிலிருந்து புகை வந்தது. பீடி இல்லாமல்.

"ஏங்க" என்று வெள்ளைக்குள் கூப்பிட்டாள்.

"என்ன புள்ள?"

"எங்க இருக்கீங்க? கண்ணுல தெரியலையே."

"இங்கதான்" என்று அவன் குரல் பக்கத்திலிருந்தே வந்தது. "பத்து வருஷமா இத ஒருத்தருக்காவது காட்டணும்னு இருந்தேன்."

கொஞ்ச நேரத்தில் மேகம் கதவு வழியாக, அவன் சொன்ன மாதிரியே, வெளியே போயிற்று. கீழே பார்த்தால் பூமி இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெண்மை. ஈப்போப் பக்கத்துச் சுண்ணாம்புக்குன்றுகள் மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. வெயில் அதன்மேல் விழுந்தது. மங்களம் கை எடுத்துக் கும்பிட்டாள். எந்தச் சாமியை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

திடீரென்று உள்ளே ஓடினாள். துரைமார் விட்டுப்போன காலி பிஸ்கட் டின் ஒன்று அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, போகாமல் மிச்சம் இருந்த மேகத்துக்குள் நின்று, டின்னின் வாயை அகலத் திறந்து பிடித்து, டக்கென்று மூடினாள். முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்து இறுக்கச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டாள். "அண்ணனுக்குக் காட்டணும். எல்லாருக்கும் காட்டணும்." சீனி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், பிறகு சொல்லவில்லை. இறங்குகிற வழியெல்லாம் டின்னை அவள் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லயமே வாசலில் கூடியிருந்தது. ஐயாவு மூட்டையோடு தயாராக இருந்தான். மங்களம் டின்னை நடுவில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"கோசோங்லா!" என்று யாரோ கத்தினார்கள். காலி. ஐயாவு விரலை விட்டுத் துழாவினான், லேசான ஈரம் ஒட்டியது. "வேர்வை" என்றான். லயம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. "புளுகனக் கட்டிக்கிட்டு இவளும் புளுகியாயிட்டா! மேகக்காரி! ஏய் மேகக்காரி!"

மங்களத்தின் முகத்தில் ரத்தம் ஏறியது. அழக்கூடாது என்று நின்றாள்.

"சரி, அந்த இன்னொரு டின்னு?" என்றான் ஐயாவு. "இறங்கி வந்து தொறக்குறேன்னு சொன்னாரே."

சீனி உள்ளே போய், கூரைச் சட்டத்திலிருந்து எடுத்து வந்து மங்களத்தின் கையில் கொடுத்தான். துரு ஏறிய பிஸ்கட் டின். சுற்றியிருந்த துணி அவனுடைய பழைய வேட்டிக் கிழிசல். இறுக்கமாக மூன்று முடிச்சு. அவள் அவிழ்த்து மூடியைத் திறந்தாள்.

"இதுலயும் ஒண்ணுமில்ல!" என்றான் ஐயாவு. ஏமாற்றத்தில் குரல் உயர்ந்தது. "பத்து வருஷமா காலி டின்னையாடா காவல் காத்த?"

மங்களம் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொத மேகம்" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "உனக்காகத்தான் புடிச்சேன். பாதி வழியிலயே தெரிஞ்சுபோச்சு, உள்ள இருக்காதுன்னு. தொறந்து காட்ட வெக்கமா இருந்துச்சு."

அவள் இரண்டு டின்களையும் மூடினாள். பழைய துணியைப் பழைய டின்னிலும் புதுத் துணியைப் புது டின்னிலும் சுற்றி, மும்மூன்று முடிச்சுப் போட்டு, அண்ணன் முன்னால் எழுந்து நின்றாள்.

"நீங்க போயிட்டு வாங்கண்ணே. ரெண்டுலயும் மேகம் இருக்கு."