இரண்டாவது பூவை எடுத்தது யார்?

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு டெங்கு வரலாமா கூடாதா என்று பூக்கட்டிப் பார்த்து முடிவு செய்வீர்களா? முகம் சுளிக்காதீர்கள். பாளையங்கோட்டைக்கு வெளியே வாய்க்கால் தெருவில் அப்படித்தான் நடந்தது. நடத்தியவர்கள் எல்லோரும் படித்தவர்கள்.

அந்தத் தெருவில் இருக்கும் பொன்செல்விக்கு ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் கொசு விடுகிற வேலை கிடைத்தது. கொசுவை ஒழிக்கக் கொசுவையே வளர்க்கிறார்கள் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? அவளும் சிரித்தாள். திட்டத்தின் தலைவர் குமரவேல் பொறுமையாக விளக்கினார். ஆண் கொசு கடிக்காது. மரபணுவை மாற்றிய ஆண் கொசுக்களை வெளியே விட்டால் அவை ஊரிலுள்ள பெண் கொசுக்களோடு சேரும். பிறக்கிற பெண் குஞ்சுகள் புழுவாக இருக்கும்போதே செத்துவிடும். கடிக்கிற கூட்டம் பையப் பையக் குறையும்.

"ஏட்டி கொசுக்காரி, இன்னைக்கு எத்தன மாப்பிள்ளைய ஏத்திட்டுப் போற?" என்று குழாயடியில் கேட்பார்கள்.

"ஒனக்கு ஒண்ணு வேணுமா மதினி? குடிக்காது, அடிக்காது, கடிக்கவும் செய்யாது. எங்கண்ணனுக்கு இது எவ்வளவோ மேலு."

குழாயடி என்று பெயர்தான். தண்ணீர் வருவது நான்கு நாளைக்கு ஒருமுறை. கூப்பிடு தூரத்தில் தாமிரபரணி ஓடுகிறது, இங்கே வீட்டுக்கு மூன்று டிரம்மில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். டெங்குக் கொசு முட்டையிடுவது அந்த டிரம்மில்தான். தினமும் தண்ணீர் விட எந்த மரபணுவையும் மாற்ற வேண்டியதில்லை. விடத்தான் ஆளில்லை.

சோதனைக்கு இரண்டு இடங்கள் தேர்வாகியிருந்தன. ஒன்று வாய்க்கால் தெரு. மற்றொன்று வயலுக்கு அந்தப் பக்கம், ஓய்வு பெற்ற அதிகாரிகளும் பேராசிரியர்களும் மாடி வீடு கட்டியிருக்கும் பொருநை நகர். ஒன்றில் கொசு விட வேண்டும். மற்றதில் விடாமல் முட்டைகளை மட்டும் எண்ணி ஒப்பிட வேண்டும். எங்கே விடுவது என்பதை மனிதன் முடிவு செய்யக்கூடாது, குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும். நியாயமான முறை. நானும் கைதட்டுவேன்.

"கம்ப்யூட்டர்ல குலுக்குதோம்னா எவனும் நம்ப மாட்டான் சார்" என்றார் உள்ளூர்ப் பிரமுகர் அம்மையப்பன். "முப்பிடாதி அம்மன் முன்னால பூக்கட்டிப் பாருங்க. பொறவு ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

கம்ப்யூட்டர் எடுத்தாலும் குழந்தை எடுத்தாலும் குலுக்கல் குலுக்கல்தானே என்று குமரவேல் ஒப்புக்கொண்டார். கணக்குப்படி சரி. ஆனால் கம்ப்யூட்டரைக் கேள்வி கேட்கலாம். அம்மனைக் கேட்க முடியாது. இந்த வித்தியாசம் விஞ்ஞானிக்குத் தெரியவில்லை. அம்மையப்பனுக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளைப் பூ வந்தால் வாய்க்கால் தெருவுக்குக் கொசு, சிவப்பு வந்தால் பொருநை நகருக்கு. இலையில் பொதிந்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை எடுத்தவள் பொன்செல்வியின் ஏழு வயது மகள் இசக்கிப்ரியா. பிரித்தால் வெள்ளை அரளி. பெண்கள் குலவையிட்டார்கள். 'ஆத்தாளே நமக்குக் குடுத்துட்டா' என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் பொன்செல்வி.

பொருநை நகரின் சங்கத் தலைவர் வைத்தியலிங்கம், ஓய்வு பெற்ற பொறியாளர், அன்றைக்கு நிம்மதியாக மூச்சு விட்டார். "நல்லவேளை. அங்கன விட்டுப் பாக்கட்டும் வே. நாம என்ன சோதனை எலியா?"

அந்த வாரமே வெளிநாட்டிலிருந்து மருமகன் பேசினான். அங்கெல்லாம் இந்த முறையில் கொசு குறைந்திருக்கிறதாம். உடனே வைத்தியலிங்கத்தின் போன் போக வேண்டிய இடத்துக்குப் போனது.

கொசுப் பெட்டிகளோடு கிளம்பிய வண்டி முதல் நாளே பொருநை நகர்ப் பக்கம் திரும்பியது. "சார், வண்டி தப்பாப் போகுது" என்றாள் பொன்செல்வி.

"தப்பில்லம்மா. மேல மாத்திட்டாங்க."

"அப்பம் அந்தப் பூவு?"

குமரவேல் செல்போனைப் பார்க்கத் தொடங்கினார். பதிலை அம்மையப்பன் தெருவுக்கே வந்து சொன்னார்: "ஆபீஸ்ல அம்மன் படத்துக்கு முன்னால மறுபடியும் பூக்கட்டிப் பாத்தாச்சு. செவப்பு வந்துட்டு." அந்த ஆபீஸில் அம்மன் படமே கிடையாது. தினமும் அங்கே போய்வரும் பொன்செல்விக்கு அது தெரியும். ஆனால் தெரு கன்னத்தில் போட்டுக்கொண்டது. பொன்செல்வி வாயைத் திறந்தாள், வேலை ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டாள்.

அதன் பிறகு காலையில் அங்கே போய்ப் பெட்டிகளைத் திறப்பாள். திரும்பி வந்து தன் தெருவில் முட்டைகளை எண்ணுவாள். அங்கே குறைந்தது. இங்கே பெருகியது. ஐப்பசி மழையில் இசக்கிப்ரியாவுக்குக் காய்ச்சல் கண்டது. கடித்த கடியை எந்த ஆண் கொசுவும் மாற்றாது என்று தெரிந்தும் பொன்செல்வி குமரவேலிடம் ஓடினாள்.

"ரெண்டு பெட்டிய எங்க தெருவுல தொறக்கட்டுமா சார்? மிச்சப் பிள்ளையளுக்காவது ஆகும்."

"சோதனை கெட்டுப்போகும்மா."

"அது ஏற்கெனவே கெட்டுத்தானே சார் கெடக்கு?"

குமரவேல் மறுபடியும் செல்போனை எடுத்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளை கண்ணைத் திறந்து கேட்டாள்: "யம்மா, நான் வெள்ளதானே எடுத்தேன்?"

"ஆமாட்டி."

"பொறவு ஏம்மா நமக்கு விடல?"

ரத்தம் ஏற்றினார்கள். ரத்தக்கசிவு நிற்கவில்லை. வாய்க்கால் தெருவுக்கு அவள் உடலை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தபோது டிரம்களில் மழைத்தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. 'ஆத்தா கூப்பிட்டுக்கிட்டா' என்று ஆறுதல் சொன்னார்கள்.

தை மாதம் பொருநை நகர் மண்டபத்தில் வெற்றி விழா. திரையில் இரண்டு கம்பங்கள் வரைந்த படம்: பொருநை நகரின் காய்ச்சல் கணக்குக் குட்டைக் கம்பம், வாய்க்கால் தெருவினுடையது நெட்டைக் கம்பம். கைதட்டினார்கள். அந்த நெட்டைக் கம்பத்துக்குள் இசக்கிப்ரியா இருந்தாள். களப்பணியாளருக்குப் பொன்னாடை போர்த்த வைத்தியலிங்கம் எழுந்தார். பொன்செல்வி துண்டை வாங்கவில்லை.

"மொதப் பூவ எடுத்தது எம் மவ. ரெண்டாவது பூவ எடுத்தது யாரு? பேரச் சொல்லுங்க."

"எம்மா, அம்மன் சித்தத்தக் கேள்வி கேக்கப்படாது" என்றார் மேடையிலிருந்த அம்மையப்பன்.

"அம்மன நான் கேக்கல அண்ணாச்சி. ஒங்களத்தான் கேக்கேன்."

யாரோ மைக்கை அணைத்தார்கள். குமரவேல் முன்வரிசையில் குனிந்திருந்தார். உண்மை தெரிந்த அந்தப் படித்த மனிதர் எழுந்து ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாய்க்கால் தெருக்காரர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்களும் 'வா தாயி, போவோம்' என்றுதான் இழுத்தார்கள். அடுத்த மாதம் பொன்செல்விக்கு வேலை இல்லை.

திட்டம் இன்னும் பல தெருக்களுக்குப் போகப்போகிறது. போகட்டும். அந்தக் கொசு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பொய் சொன்னது மனிதர்கள். உங்கள் தெருவுக்கு வந்தால் வேண்டாம் என்று விரட்டாதீர்கள். பொட்டலத்தை ஒரு பிள்ளையின் கையில் கொடுக்கும் முன் கேளுங்கள்: குலுக்கிய முடிவை மாற்றினால், மாற்றியவர் பெயரை எங்கள் முன்னால் சொல்வீர்களா? மழுப்புவார்கள், சாமியைக் காட்டுவார்கள், மைக்கை அணைப்பார்கள். பொன்செல்வி அந்த மண்டபத்தில் தனியாக நின்றாள். உங்கள் தெருவில் யாராவது அப்படி நின்றால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள்.