முதல் பீரியட் கணக்கு

என் அக்காவுக்குக் கணக்கு வராது என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஒன்பதாவதில் கணக்கில் பெயிலாகி, அதோடு படிப்பை விட்டவள். "மண்டையில ஏறல, இன்னா பண்றது?" என்று அம்மா யாரிடமும் கூசாமல் சொல்வாள். அக்காவும் சிரித்துக்கொண்டே, "வூட்ல இருந்த மூளையெல்லாம் அவளுக்கே பூட்ச்சி" என்று என்னைக் கைகாட்டுவாள். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருக்கும். அவள் பெயிலான பயத்தில்தான், என்னை எட்டாவது முடிந்ததுமே காஞ்சிபுரத்தில் சித்தி வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார்கள்.

1991 தொடக்கத்தில் நான் செங்கல்பட்டில் பி.ஏ. சமூகவியல் இரண்டாம் வருடம். ஒரகடத்துக்குப் பக்கத்து ஊரான எங்கள் ஊரிலிருந்து காலை பஸ்ஸில் சிங்கப்பெருமாள் கோவில் போய், அங்கே ரயில் ஏறுவேன். தனிமனிதர் கஷ்டத்துக்கும் சமூக அமைப்புக்கும் உள்ள தொடர்பு என்று ஒரு பாடம். பரீட்சைக்காக அதை ரயிலிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். புரிந்துதான் படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

அந்தப் பாடத்துக்காக ஒரு வேலை கொடுத்தார்கள். சொந்தத் தெருவில் வீடு வீடாகப் போய், யார் எந்த வகுப்போடு நின்றார்கள், ஏன் என்று கேட்டு எழுதவேண்டும். தனியாகப் போக வெட்கமாக இருந்ததால் அக்காவைக் கூட்டிக்கொண்டேன். தெருவுக்கே ஜாக்கெட் தைப்பவள் அவள்தான். அவளிடம் யாரும் எதையும் மறைக்கமாட்டார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருந்தது. "எம் பொண்ணு சோம்பேறி." "இதுக்கு அடிக்கடி தலவலி." "அவ தலையெழுத்து, வுடு." ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எழுதிய தாள்களைத் தையல் மெஷின் பக்கத்தில் தரையில் பரப்பினேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று கோடு போட்டு எழுதிக்கொண்டே வந்தவள், பாதியில் பேனாவை வைத்துவிட்டேன்.

"அக்கா, இங்க பாரேன்! பொண்ணுங்க எல்லாருமே எட்டாவதுல இல்லன்னா ஒன்பதாவதுல நின்னுகிறாங்க. பசங்க பத்தாவது வரைக்கும் போயிருக்காங்க."

அக்கா மெஷினை நிறுத்தினாள். "நம்மூர் ஸ்கூலு எட்டாவதோட முடிஞ்சிடுதே. அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் போணும். அங்க பெல் அடிக்கற நேரம், ஒன்பதரைக்குத்தான் பஸ்ஸு நம்மூருக்கே வரும்."

"மறைமலை நகர் பக்கம் மட்டும் விடியறதுக்குள்ள பஸ் கீதே?"

"அது கம்பெனி ஷிப்டுக்குப் போற ஆம்பளைங்களுக்குடி."

சொல்லிவிட்டு அவளே ஒரு கேள்வி கேட்டாள். "சரி, பஸ் இல்லன்னா பசங்க மட்டும் எப்டிப் போனாங்க?"

எனக்கு அது தோன்றவே இல்லை. "சைக்கிள்ல" என்றேன்.

"நம்ம தெருவுல எந்தப் பொண்ணுக்காவது சைக்கிள் வாங்கிக் குடுத்தாங்களா?"

உட்கார முடியாமல் எழுந்துவிட்டேன். சோம்பேறி, தலைவலி, தலையெழுத்து என்று ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் சொன்னதெல்லாம் ஒரே பஸ்ஸிலும் ஒரே சைக்கிளிலும் வந்து நின்றது. அப்போதுதான் கேட்டேன். "நீ ஒன்பதாவது போனியே, முதல் பீரியட் இன்னா?"

அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தாள். "கணக்கு. லேட்டா போனா வெளியதான் நிக்கணும். வருசம் பூரா நின்னேன்." பிறகு என் கையைப் பிடித்தாள். "அப்ப நான் மக்கு இல்லியாடி?"

சமையல்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா வெளியே வந்தாள். "அப்பவே ஏண்டி சொல்லல?"

"சொன்னா ஸ்கூல வுட்டு நிறுத்திடுவன்னு பயந்தேன்."

அன்றிலிருந்து மண்டையில் ஏறவில்லை என்ற பேச்சை அம்மா எடுத்ததே இல்லை.

நான் கட்டுரை எழுதிக் கொடுத்ததோடு முடிந்தது என்று நினைத்தேன். அக்கா விடவில்லை. அதே வீடுகளுக்குத் திரும்பப் போய், ஸ்ரீபெரும்புதூர் பஸ் காலையில் சீக்கிரமே வரவேண்டும் என்று ஒரு மனுவில் கையெழுத்து வாங்கி, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் டிப்போவுக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி எங்களைப் பார்த்ததும், "ஒரு பொண்ணு படிக்கறதுக்காகல்லாம் பஸ் டைம மாத்த முடியாதும்மா" என்றார்.

அக்கா என் தாள்களை அவர் மேஜைமேல் பரப்பினாள். "ஒரு பொண்ணு இல்ல சார். ஒரு தெரு."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். அதற்குப் பிறகும் இரண்டு முறை அலையவேண்டியிருந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது எட்டு மணிக்கு பஸ் வந்தது. பாவாடை தாவணியில் ஏழு பெண்கள் ஏறினார்கள். அக்காவும் ஏறி, டிக்கெட் எடுத்து, பள்ளிக்கூட வாசல்வரை போய் நின்றாள். திரும்பி வந்து மூச்சுவாங்கச் சொன்னாள்: "பெல் அடிக்கறப்பவே எல்லாரும் உள்ள கீறாங்கடி!"

அக்கா தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினாள். முதல் தடவை கணக்கில் பெயில். நான் ஆறுதல் சொல்லப் போனால், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்தத் தடவ உள்ள உக்காந்து பெயிலானேன்டி. எனக்கு எது தெரியலன்னு எனக்கே தெரியுது. அதைப் படிச்சா போச்சு!"

அடுத்த தடவை பாஸானாள்.