சுத்தமான வீட்டுக்கு உதவி இல்லை

ஒரு தொண்டு அமைப்பிலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார் என்று தொலைபேசி வந்ததும் நான் செய்த முதல் வேலை, திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தது. அடுத்தது, வடைக்குப் பருப்பு ஊறப்போட்டது. வீட்டுக்கு வருகிறவர்களை வேறு எப்படி வரவேற்பது என்று எனக்குத் தெரியாது.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. மகளைச் சுமந்தபோது ஏறிய இரத்த அழுத்தம் பிறகு சரியாக இறங்கவே இல்லை. அவளுக்கு நான்கு வயதானபோது என் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அரசு மருத்துவமனையில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அதுவரை எங்கள் ஊரான கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் தனியார் மையத்துக்குப் போனேன். மூன்று நாள் அல்ல, இரண்டு நாள்தான். துறைமுகப் பக்கம் நான் பார்த்த கிளார்க் வேலை போயிருந்தது. கணவர் சுபாங் ஜெயாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவர் சம்பளத்தில் இரண்டு நாளுக்குத்தான் முடிந்தது.

போகாத அந்த மூன்றாவது நாள் உடம்பில் தண்ணீராகத் தேங்கியது. வார இறுதியில் செருப்புக்குள் கால் நுழையாது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவேன். அந்த ஒரு நாளுக்காகத்தான் உதவி கேட்டிருந்தோம்.

வந்தவர் ஐம்பது வயதிருக்கும் ஒரு தமிழ்ப் பெண்மணி. மின்தூக்கி ஓடாததால் நான்கு மாடி ஏறி வந்திருந்தார். அவர் மூச்சு வாங்கியதைப் பார்த்து எனக்குத்தான் குற்ற உணர்வாக இருந்தது. நல்ல கோப்பையில் தேநீர் கொடுத்தேன். இரண்டு வடை சாப்பிட்டார். மகள் புது கவுன் போட்டுக்கொண்டு வணக்கம் சொன்னாள். "வீட்டை ரொம்ப அழகா வெச்சிருக்கீங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. குடும்பச் சூழல் திருப்திகரமாக இருப்பதால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

அதன் பிறகு நான் யோசிக்காத ஒன்றும் மிச்சமில்லை. திரைச்சீலையா காரணம்? மகளின் கவுனா? வடையில் முந்திரி போட்டேனே, அதுவா? இருமிக் காட்டியிருக்க வேண்டுமோ? கால் வீக்கத்தைப் புடவைக் கரையால் மறைக்காமல் இருந்திருக்கலாமோ?

மையத்தில் என் பக்கத்து நாற்காலி ஓர் அங்கிளுடையது. முன்பு லோரி ஓட்டியவர், எட்டு வருடமாக டயாலிசிஸில் இருப்பவர். என் கதையைக் கேட்டதும் ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பினார்.

"ஏம்மா, பொண்ணு பாக்க வந்தவங்களுக்கா வடை சுட்ட?"

"வீட்டுக்கு வராங்களே அங்கிள்."

"உனக்கு கேக்கவே தெரியல லா. எங்க வீட்டுக்கு வந்தப்ப நான் கிழிஞ்ச பனியனோட உக்காந்திருந்தேன். என் பொண்டாட்டி ரெண்டு நாளா பாத்திரமே கழுவல. ஒரே வாரத்துல லெட்டர் வந்துச்சு."

"ஆன்டி எப்பவும் கழுவ மாட்டாங்கன்னு நீங்கதானே போன வாரம் சொன்னீங்க," என்றார் மையத்தின் தாதி. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அங்கிள் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. மேல்முறையீடு எழுதினேன். மறுபடி பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

இந்த முறை கணவரும் நானும் வீட்டை ஏழையாக்கத் தொடங்கினோம். ஏற்கனவே ஏழையாக இருந்தும் அதற்கு இவ்வளவு வேலை இருந்தது. தொலைக்காட்சியை எதிர்வீட்டு அக்காவிடம் கொண்டு போய் வைத்தார் கணவர். திரைச்சீலைகளைக் கழற்றி மடித்தேன். தரையை இரண்டு நாள் கூட்டாமல் விட்டேன். எனக்குக் கை நமநமவென்றது.

மகளையும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தேன். ஆன்டி கேட்டால் எங்க வீட்டில் டிவி இல்லை என்று சொல்ல வேண்டும். பாலர்பள்ளியில் பாட்டுச் சொல்லித் தந்தால் எப்படி மனப்பாடம் செய்வாளோ அப்படியே செய்தாள். குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தாள். பிறகு சமையலறைக்கு வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, நான் பசியாறலன்னும் சொல்லவா?"

அரை மணி நேரத்துக்கு முன்புதான் இரண்டு தோசை சாப்பிட்டிருந்தாள். என்னை உயிரோடு வைத்திருக்க அவளாகவே இன்னொரு பொய்யைக் கண்டுபிடித்துக் கொண்டு வந்திருந்தாள். முகத்தில் அவ்வளவு அக்கறை.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. வெகு நாளாகப் பயம் மட்டுமே இருந்த இடத்தில் அன்று கோபம் வந்து உட்கார்ந்தது.

"ஒண்ணும் சொல்ல வேணாம். அவங்க கேட்டா உள்ளத சொல்லு," என்றேன். கணவரிடம், "டிவியத் தூக்கிட்டு வாங்க," என்றேன்.

"நாளைக்கு வராங்க. யோசிச்சுக்க."

"யோசிச்சுதான் இப்படி ஆயிருக்கு."

அவர் எதிர்வீட்டுக்குப் போனார். நான் துடைப்பத்தை எடுத்தேன். நான்கு முறை உட்கார்ந்து உட்கார்ந்துதான் கூட்டி முடித்தேன்.

மறுநாள் அதே பெண்மணி வந்தார். தேநீர் கொடுத்தேன். அவர் சுற்றிலும் பார்ப்பதற்கு முன் நானே பேசினேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"மேடம், போன தடவ வீட்ட அழகா வெச்சிருக்கேன்னு சொன்னீங்க. அது சரிதான். ஏன் சுத்தமா இருக்குன்னு கேக்கல. டயாலிசிஸ் ஆரம்பிச்ச முதல் மூணு மாசம் எனக்குக் கழுத்துல குழாய் வெச்சிருந்தாங்க. அதுல கிருமி ஏறி ரெண்டு வாரம் வார்டுல கெடந்தேன். வீட்டுல தூசி இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. வீடு அழுக்கா இருந்தா உதவி கெடைக்கும்னு மத்தவங்க சொல்றாங்க. நான் யார் பேச்சக் கேக்கறது?"

நான் காலை நீட்டிக் கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. விரலை எடுத்தும் அது நிரம்பவில்லை.

"டிவி இருக்கு, எழுதிக்குங்க. கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்தது. கர்ட்டனையும் எழுதிக்குங்க. மூணு நாள் போக வேண்டிய எடத்துல ரெண்டு நாள்தான் போறேன். அதையும் எழுதிக்குங்க."

கணவர் கதவருகே தலைகுனிந்து நின்றார். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனோ என்று அந்தக் கணத்திலேயே எனக்குத் தோன்றியது. அந்தப் பெண்மணி குனிந்து என் காலிலிருந்த பள்ளத்தைப் பார்த்தார். பிறகு தேநீரைக் குடித்துவிட்டு நீண்ட நேரம் எழுதினார். போகும்போது, "இந்த வீக்கத்தப் போன தடவையே காட்டியிருக்கலாமேம்மா," என்றார். நீங்கள் கேட்டிருக்கலாமே என்று வாய்வரை வந்தது. அந்த ஒன்றை மட்டும் விழுங்கினேன். இன்றும் அதைச் சொல்லியிருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

மாதக் கடைசியில் அவரே அழைத்தார். மூன்றாவது நாளின் செலவில் பாதியை ஆறு மாதத்துக்குத் தருகிறார்கள். நன்றி சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"மீதி பாதிக்கு யாருக்கு எழுதணும் மேடம்?"

"பாதி கெடச்சவங்க மறுபடி கேக்கறது வழக்கமில்லம்மா."

"பாதி நாள் மிஷின்ல உக்கார முடியாதே மேடம். பேரு மட்டும் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

மறுமுனையில் தாள் புரளும் ஓசை கேட்டது. அவர் ஒரு பெயரையும் முகவரியையும் மெதுவாக, எழுத வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எழுதிக்கொண்டேன். அழைப்பை முடித்ததும் மையத்துக்குப் போன் செய்து, மூன்றாவது நாளுக்கு, சனிக்கிழமைக் காலை நாற்காலியை எனக்கு வைக்கச் சொன்னேன்.