மாகாளிக்கொடி இருந்த பாட்டில்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், கிரிவலக் கோயில் டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு வாடகை வீட்டில் இயங்கிய சிறிய ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். மூலிகைக் கொடியின் ஒரு கணுவை வெட்டி, சத்துக் கூழ் ஊற்றிய கண்ணாடி பாட்டிலில் வைத்து, அதிலிருந்து பல கன்றுகளை எடுப்போம். திசு வளர்ப்பு என்பார்கள். என்னோடு இருந்தவள் டவுனில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். என்னைவிட ஐந்து வயது சின்னவள். அவளை வேலைக்கு அனுப்ப வீட்டில் சம்மதிக்கவே ஒரு வருஷம் ஆயிற்றாம். எங்கள் இருவருக்கும் மேலே ஒரு மேடம்.

அந்த வருஷம் மாகாளிக்கிழங்கை எடுத்திருந்தோம். ஊறுகாய்க்கும் மருந்துக்கும் ஆகிற வேர். வேரைத் தோண்டினால் கொடி போய்விடும். ஜவ்வாது மலையின் ஒரு சரிவிலிருந்து கொண்டு வந்த சில துண்டுகளை ஆறு மாதம் பாடுபட்டு நூற்று நாற்பது பாட்டில்களாகப் பெருக்கியிருந்தோம். இன்னும் கொஞ்சம் கொடி வேண்டுமென்று மேடம் மறுபடி மலைக்குப் போனார். சரிவு முழுக்க யாரோ வேர் தோண்டிய குழிகளாக இருந்ததாம்.

"ஒண்ணு கூட வைக்கல. இனிமே பாட்டில்ல இருக்கறதுதான் நமக்கு" என்றார்.

பாட்டில்களில் பழைய கூழ் வற்றிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் உடனே புதுக் கூழுக்கு மாற்றச் சொன்னார். கூழைக் காய்ச்சிக் கிருமி நீக்குவது என் பொறுப்பு. பெரிய பிரஷர் குக்கர் போன்ற பாத்திரத்தில் அழுத்தம் ஏறிய பிறகு இருபது நிமிடம் வைக்க வேண்டும். அன்று பௌர்ணமி. சாயங்காலமானால் கிரிவலக் கூட்டத்தில் என் ஊருக்குப் போகிற கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏற முடியாது. வீட்டில் என் மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வழக்கமாகப் புதுக் கூழை நாலைந்து நாள் சும்மா வைத்து, கெடவில்லை என்று தெரிந்த பிறகே செடியை வைப்போம். அவசரத்தில் அதையும் விட்டுவிட்டோம். மறுநாளே அவள் உட்கார்ந்து எல்லாத் தண்டுகளையும் மாற்றினாள்.

நாலாம் நாள் காலை தண்டுகளின் அடியில் பால் சிந்தினாற்போல் வெள்ளை வளையம், கூழில் கிருமி ஏறியதன் அடையாளம். முதல் தட்டில் எட்டு பாட்டில். மத்தியானத்துக்குள் முப்பதுக்கு மேல். மேடம் ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"கைய ஸ்பிரிட்ல தொடச்சியா?"

"தொடச்சேன் மேடம்."

"வளையல்?"

"கழட்டிட்டுத்தான் உக்காந்தேன் மேடம்."

நான் பக்கத்திலேயே பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அன்று முழுக்கத் திறக்கவில்லை. மறுநாள் மேடம் அவளிடம், "நாளையிலருந்து வர வேணாம். நான் உங்கப்பாகிட்ட பேசிக்கறேன்" என்றார். அவள் அழவில்லை. மேல்கோட்டைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தாள். மடிப்பு சரியாக வராமல் மறுபடி பிரித்தாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"மேடம், தப்பு என்னோடது. கூழ் சரியா வேகல. பாதியிலயே அணைச்சிட்டுப் போயிட்டேன்."

மேடம் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். "எத்தினி நிமிஷம்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

"கெடாத நுனி இருந்தா வெட்டி எடுங்க. ரெண்டு பேரும்" என்றார்.

புதுக் கூழ் காய்ச்சினோம். மூன்று நாள், வெள்ளை ஏறாத நுனியாகத் தேடி, அரை விரல் நீளம் வெட்டி, மருந்தில் முக்கிக் கழுவி வைத்தோம். கத்தியைச் சுடுவதும், பாட்டிலைத் திறப்பதும், மூடுவதும்தான். கடைசித் தட்டு முடிந்தபோது அவள் குனிந்தபடியே கேட்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லக்கா?"

"பயமா இருந்துச்சு."

"எனக்கு இல்லியா?"

காலிப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

அடுத்த ஒரு வாரம் காலையில் கதவைத் திறந்ததும் பாட்டில்களின் அடியைத்தான் முதலில் பார்ப்பேன். தினமும் கெட்டுப்போன சில பாட்டில்களை வெளியே எடுத்தோம். ஒன்பதாம் நாள் புதிதாக எதுவும் கெடவில்லை. பத்தாம் நாளும் இல்லை. மிஞ்சியவை பத்தொன்பது. அவை வேர்விட்டு, மண்ணுக்கு மாறி, வெளிக்காற்றுக்குப் பழகும்போது ஏழு கருகின. மழைக்காலத்தில் பன்னிரண்டு கன்றுகளை அந்தச் சரிவுக்கே கொண்டுபோய், பாறை இடுக்குகளில் ஆள் கண்ணில் படாதபடி நட்டோம். அடுத்த வருஷம் போனபோது ஒன்பது கொடிகள் பக்கத்துச் செடிகளைப் பற்றி ஏறியிருந்தன.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து மேடம் வேறு ஊருக்குப் போனார். மூத்தவள் நான், ஆனால் ஆய்வகப் பொறுப்பை அவளிடம் கொடுத்தார். வருத்தமில்லை என்று சொன்னால் பொய். அவளுக்குக் கீழே மூன்று வருஷம் வேலை செய்தேன். ஒருநாள்கூட அந்தப் பழைய பேச்சை அவள் எடுக்கவில்லை.