லயத்துக்கு ஓர் ஆள்

நமக்கு மேல் இருப்பவர் சொல்வதெல்லாம் கர்த்தர் சொல்வதே என்று எங்கள் வீட்டில் நம்பினோம். அதனால், ஜப்பான்காரர்கள் கடிகாரத்தைத் தங்கள் நாட்டு நேரத்துக்குத் திருப்பச் சொன்னபோது என் கணவர் மறுபேச்சின்றி முள்ளை நகர்த்தினார். அன்றுமுதல், மலாயாவில் நாங்கள் இருந்த லாபு ரப்பர் தோட்டத்தில் காலை மணி கும்மிருட்டில் அடித்தது. பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கூடிய ஆட்கள், வெளிச்சம் வராத கிழக்கை நோக்கி, கண்டிராத ஒரு ராஜாவுக்குக் குனிந்தார்கள். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுப்பவரும் ஞாயிறுகளில் தோட்டத்து ஜெபவீட்டின் உபதேசியாருமான என் கணவரும் குனிந்தார். “இது வெறும் முதுகு, எஸ்தர். வளைஞ்சா வளைஞ்சிட்டுப் போவுது” என்பார். எனக்குச் சிரிப்பு வராது.

திருநெல்வேலிச் சீமையில், எங்கள் ஊர்க் கோயிலில், அவருக்குக் கீழ்ப்படிவேன் என்று சொல்லித்தான் தாலி கட்டிக்கொண்டேன். அங்கே அந்தச் சொல்லுக்கு வெளியே வாய்க்காலும் வயலும் அப்பா வீடும் இருந்தன. இங்கே சுற்றிலும் ரப்பர் மரங்கள். அவற்றுக்கு அப்பால் காவல். கப்பல்களும் நின்றுபோயிருந்தன.

பிறகு, சயாமில் ரயில் பாதை போட, கூலிவீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்கு ஓர் ஆள் என்று உத்தரவு வந்தது. முன்பு போனவர்களில் எவரும் திரும்பியிருக்கவில்லை. எங்கள் லயத்தில் என் கணவரைக் குறித்திருந்தார்கள். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் வாசலில் வந்து நின்றார். பின்னால் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். என் கணவர் உள்ளே இருந்தார்.

“உபதேசியார் எங்கம்மா?”

“மரவள்ளி வாங்க மந்தின் டவுனுக்குப் போயிட்டாருங்க. எப்ப வருவாரோ.”

சிப்பாய் ஏதோ அதட்டினான். மண்டோர் கையை விரித்தார். “வேதக்கார வீடு. பொய் வராதுலா” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் நம்பியதுதான் என்னைச் சுட்டது. “ஆள் கொறையக் கூடாதும்மா. பக்கத்து வீட்டுச் சாமிக்கண்ணுவ ஏத்திக்கிறேன்.”

சாமிக்கண்ணுவின் மனைவி பாக்கியம் அப்போது நிறைமாதம். தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் அவள் அழத் தொடங்கியது எனக்குக் கேட்டது. என் கணவருக்கும் கேட்டிருக்க வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

“இங்கதான் இருக்கேன், மண்டோரே.”

“அட, என்னா உபதேசியாரே! வீட்டுக்காரம்மா அழகாச் சொன்னாங்க. கம்முனு கெடந்திருக்கலாமில்ல?” மண்டோரின் குரல் தணிந்திருந்தது.

நான் என் கணவரின் கையைப் பற்றிக்கொண்டேன். “விடு, எஸ்தர்” என்றார். விட்டேன்.

கீழ்ப்படிதலைப் பற்றிப் பிற்காலத்தில் பக்தி நூல்கள் பல படித்தேன். கிழக்கு நோக்கி அவர் குனிந்தது பயம். அன்று அறையிலிருந்து வெளியே வந்தது கீழ்ப்படிதல். சிப்பாய்க்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்திருக்கும். வித்தியாசம் தெரிந்ததால் எனக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. அவரைக் கோபிக்கவும் இயலவில்லை, மன்னிக்கவும் இயலவில்லை.

போர் ஓய்ந்தது; சயாமுக்குப் போன அவர் வரவில்லை. திரும்பி வந்த வெள்ளைக்காரர்கள் கடிகாரத்தை மறுபடி திருப்பினார்கள். அண்ணன் ஊருக்கு அழைத்துக்கொண்டே இருந்தார். கணவர் திரும்பினால் இந்தக் கதவைத்தானே தட்டுவார் என்று தங்கிவிட்டேன். ஊரில் என்னை மலாயாக்காரி என்கிறார்கள். இங்கே நான் ஊர்க்காரம்மா. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சாமிக்கண்ணு முதுமையில் தன் பாயிலேயே கண்மூடினார். அன்று வயிற்றிலிருந்த மகன் நீலாய்ப் பட்டணத்தில் வீடு வாங்கிவிட்டான். லயத்தில் இப்போது பாக்கியமும் நானும் இருக்கிறோம்.